வள்ளியம்மை பேசிக் கொடுத்த வசனம்

ஜோதிலிங்கம் அந்த வருடம் நாடக சீசனையே நிறுத்திவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. ஜூலையில் மனைவியைப் பறிகொடுத்த மனிதர், ஆகஸ்டு முடிவதற்குள் நாடக மன்றத்தின் கமிட்டிக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, இந்தக் குளிர்காலத்துக்கு இரண்டு பாட்டு நாடகம், இரண்டு சிரிப்பு நாடகம் என்று அறிவித்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

வைகறை நாடக மன்றம் என்பது டெல்லித் தமிழர்களுக்கு நாடகம் போட்டுக் காட்டாமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஒரு கூட்டம். அதில் நடிப்பவர்கள் யாரும் நடிகர்கள் இல்லை. ஒருவர் மத்திய அரசு ஆபீஸில் குப்பை கொட்டுவார், இன்னொருவர் குர்கானில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுவார். ஞாயிற்றுக்கிழமையானால் முனிர்கா குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஒன்றுகூடி ராஜாவாகவும் மாமனாராகவும் மாப்பிள்ளையாகவும் மாறிவிடுவார்கள். மன்றத்துக்குச் செயலாளர் ஜோதிலிங்கம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மன்றத்தையே ஆபீஸாக்கிக்கொண்டவர். காலையில் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டும் போட்டுக்கொண்டு, வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து மன்றத்துக்காகப் போன் பேசுகிற ஆளை வேறு என்ன சொல்வது?

"பேசாம ஒரு பக்தி நாடகத்தை மட்டும் போட்டுட்டு இந்த வருஷத்தை ஒப்பேத்திடலாமே ஜோதி. ஜனங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டா" என்றார் சுந்தரேசன். மன்றத்தின் எல்லா நாடகங்களுக்கும் அவர்தான் டைரக்டர். தஞ்சாவூர்க்காரர், சத்தமான மனிதர், ஆனால் அன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னார்.

"எதுக்கு சார் ஒப்பேத்தணும்? வள்ளி நாலு நாடகத்துக்கும் பேசி அனுப்பிட்டுத்தான் போயிருக்கா. பிள்ளைக போன்ல எல்லாம் கிடக்கு. அவ செஞ்சு வச்ச வேலைய நான் வீணாக்க மாட்டேன்."

பிறகு, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னதை அங்கேயும் ஒருமுறை சொன்னார். "அவ ஒரு கஷ்டமும் படல சார். சாப்பிட்டா, நல்லா பேசிக்கிட்டு இருந்தா, படுத்தா. தூக்கத்துலயே போயிட்டா. நெஞ்சு நின்னு போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அவளுக்கே தெரிஞ்சிருக்காது."

"புண்ணியவதி" என்றார் சுந்தரேசன்.

அந்த ஒரு நினைப்பில்தான் மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார். தொண்டையில் சோறு இறங்கியதும் அதனால்தான், கண் மூடியதும் அதனால்தான். வள்ளியம்மை கஷ்டப்படவில்லை. அதை யாராவது பிடுங்கிக்கொண்டால் ஜோதிலிங்கத்துக்கு நிற்கக் காலில்லை.

வள்ளியம்மை என்ன பேசி அனுப்பினார் என்பதை டெல்லிக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும். மன்றத்தில் நடிக்க வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், ஒரு தினுசாக. படிக்கச் சொன்னால் மட்டும் முழிப்பார்கள். நாடகப் பிரதியைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள் என்று சுந்தரேசன் கிண்டல் அடிப்பார். இந்தி எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒத்திகையில் ராஜா பேசியதை மந்திரியே புரிந்துகொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் வள்ளியம்மை, ஒத்திகைக்கு வந்தவர்களுக்கு பஜ்ஜி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் வேணா வசனத்தைப் பேசி போன்ல அனுப்பட்டா?" என்று கேட்டார். அதுவே மன்றத்தின் வழக்கமாகிப் போயிற்று.

நாடகம் முழுக்க வள்ளியம்மை ஒருவரே பேசுவார். ராஜாவுக்குக் கட்டைக் குரல், கதாநாயகிக்குக் கொஞ்சல், மாமியாருக்கு ஒரு இழுவை. அவரவர் பங்கு அவரவர் போனுக்குப் போய்விடும். பிள்ளைகள் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் காதில் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டே நெட்டுருப் போட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் வள்ளியம்மை ஒருநாளும் மேடை ஏறியதில்லை. ஏறச் சொன்னால் "எனக்குக் கூச்சமா இருக்கு, ஆளை விடுங்க" என்று அடுப்படிக்குள் புகுந்துகொள்வார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். டெல்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் ஊர்ப் பேச்சு உதட்டை விட்டுப் போகவில்லை. மன்றத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவருக்கு 'மக்கா'தான்.

பேசுவதற்கு என்று வீட்டில் ஓர் இடம் வைத்திருந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய அரிசியும் அப்பளமும் புளியும் அடைத்துக்கொண்டு கிடக்கும் சின்ன அறை. ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். முதல் வருடம் பின்னாலிருந்து காற்றாடிச் சத்தம் வருகிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். "ஃபேன அணைச்சிட்டுப் பேசேன் வள்ளி" என்று ஜோதிலிங்கம் சொன்னார். அன்றிலிருந்து அணைத்துவிட்டுத்தான் பேச்சு. மன்றத்தின் சீசன் குளிர்காலத்தில் என்றால், வசனம் பேசி அனுப்புவது மே, ஜூனில். டெல்லியின் அந்த மாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? புடவை முதுகோடு ஒட்ட, நெற்றிப்பொட்டு கரைந்து மூக்குக்கு வழிய, வள்ளியம்மை அந்த அறையிலிருந்து வெளியே வருவார். "என்ன, குளிச்சிட்டு வாரியா?" என்று ஜோதிலிங்கம் கேலி செய்வார். அவரும் சிரிப்பார், இவரும் சிரிப்பார்.

ஜோதிலிங்கத்தின் போனுக்கு மட்டும் எதுவும் வராது. அவருக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியுமே. பிரதியை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானே படித்துக்கொள்வார்.

சீசனின் முதல் நாடகம் 'சமையலறையில் கதவடைப்பு'. ஓய்வு பெற்ற கணவர் அடுப்படிக்குள் வந்து ஆபீஸ் நடத்துகிறார், குழம்புக்கெல்லாம் குறிப்பு எழுதுகிறார், பொறுக்கமுடியாத மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்கிறாள். கணவன் வேஷம் ஜோதிலிங்கத்துக்கு. அவர் நடிக்கவே தேவையில்லை, வீட்டிலிருந்து நேரே வந்து நின்றால் போதும் என்று எல்லோரும் சிரித்தார்கள். மனைவி வேஷம் கவிப்ரியாவுக்கு. பேரன் பேத்தி எடுத்த மாமி வேஷத்துக்குக் கல்யாணமே ஆகாத பெண் எதற்கு என்றால், டெல்லியில் அமெச்சூர் நாடகத்துக்குப் பெண் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த பெண்ணின் தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கவிப்ரியா மோதி பாக்கில் வளர்ந்தவள், ஏதோ ஒரு விமான கம்பெனியில் வேலை. அவள் தமிழில் இந்தியும் இங்கிலீஷும் புகுந்து விளையாடும். ஆனால் வசனம் என்று வாயைத் திறந்தால் அசல் திருநெல்வேலி.

அதை ஜோதிலிங்கம் கேட்டது செப்டம்பரில் நடந்த முதல் ஒத்திகையில்.

மருமகனாக நடிக்கிற ரவிக்குமார், "என்ன மாமா" என்று ஆரம்பித்து, நட்டுவைத்த கம்பமாக நின்றான்.

"ஏன்டா நிறுத்தறே?" என்று அதட்டினார் சுந்தரேசன்.

"சார், அங்க ஒரு குக்கர் விசில் வரும். அது முடிஞ்சப்புறம்தான் 'அடுப்படியில என்ன மீட்டிங்'னு ஆண்ட்டி சொல்லுவாங்க."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஜோதிலிங்கமும் சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிரிப்பின் ஈரம் மட்டுமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு கவிப்ரியா வந்தாள். "ஆமா, பெரிய ஆபீசரு!" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஜோதிலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த 'ஆமா'வுக்கு முன்னால் ஒரு சின்ன மூக்குறிஞ்சல், கடைசி எழுத்தில் ஓர் இழுப்பு. இருபது முப்பது வருடமாக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட 'ஆமா' அது.

அதற்குப் பிறகு மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் முந்திப் போய்க் கூடத்தைத் திறப்பார். ஜிலேபி வாங்கி வைப்பார். தனக்குக் காட்சியே இல்லாத பாட்டு நாடகங்களின் ஒத்திகையிலும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வார். ராஜகுமாரி கோபிப்பதும், தோழி கெஞ்சுவதும், திருடன் மிரட்டுவதும் எல்லாமே வள்ளிதான். வீட்டில் இல்லாதவள் அந்தக் கூடத்தில் ஏழெட்டு வாய்களில் வளையவந்தாள். துக்க வீட்டுக்காரர் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிறு. அதுவரை துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்த பெரிய வசனத்தைக் கவிப்ரியா அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு விடாமல் சொல்லப் போவதாகச் சொன்னாள். இரண்டாம் காட்சியில் மனைவி கணவனைப் பிடித்து உலுக்குகிற இடம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"காலையில எந்திரிச்சா காப்பியில சீனி கம்மி, மத்தியானம் ரசத்துல உப்பு கூட! ஆபீஸ்ல ஃபைல்ல நொட்டை சொன்ன வாயி, இப்ப எங் குழம்புல வந்து நொட்டை சொல்லுதோ? நீங்க கையெழுத்து போட்டதுக்கு மாசாமாசம் சம்பளம் வந்துச்சு. நான் தோசை சுட்டதுக்கு என்ன வந்துச்சு?"

இங்கே நிறுத்தினாள். ஒரு கையை மேஜையில் ஊன்றினாள், இன்னொரு கையை நெஞ்சில் வைத்தாள்.

"கொஞ்சம் பொறு மக்கா. மூச்சு முட்டுது."

நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு பழையபடி நிமிர்ந்து, "தோசை சுட்டதுக்கு என்ன வந்துச்சுங்கேன்!" என்று சீறினாள்.

கூடம் அதிர்ந்தது. சண்டையின் நடுவில் புருஷனைப் பார்த்து 'மக்கா' என்று ஒரு பொண்டாட்டி அவகாசம் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சுந்தரேசன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ரவிக்குமார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஜோதிலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. பிரதி அவர் கையில்தான் இருந்தது. அதில் அப்படி ஒரு வரி இல்லை. பார்க்காமலே அவருக்குத் தெரியும். எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் புருஷனை 'மக்கா' என்று கூப்பிட மாட்டாள். தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு பெண்ணாக இருந்திருந்தால் அது வசனமில்லை என்று கேட்ட மாத்திரத்தில் தள்ளியிருப்பாள். கவிப்ரியாவுக்கு அது தெரிய வழியில்லை. காதில் விழுந்ததையெல்லாம் ஒரு சொல் விடாமல் நெட்டுருப் போட்டிருக்கிறாள்.

"இது எங்கேருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

"எது அங்கிள்?"

"இந்த... மூச்சு முட்டுதுங்கறது."

"ஆண்ட்டி சொன்னாங்களே. ஆடியோல இருக்கு. ஏன், ஸ்க்ரிப்ட்ல இல்லையா?" கவிப்ரியா சுந்தரேசனைப் பார்த்தாள். "வேற இடத்துலயும் வருது சார். எல்லா இடத்துலயும் சொன்னா போர் ஆயிடும்னு நான் இந்த ஒண்ணு மட்டும் வச்சுக்கிட்டேன். இதுக்கப்புறம் ஏதோ 'போடல, போடல'ன்னு வருது, மத்லப் புரியல, அதை விட்டுட்டேன்."

"வள்ளியே சேர்த்திருக்கா போலிருக்கு ஓய்!" என்றார் சுந்தரேசன். "மகா கெட்டிக்காரி. எழுதினவனுக்குத் தோணலை பாரும். இதை எடுக்கப்படாது. சிரிப்பே இங்கதான் இருக்கு."

"என்ன ஆக்டிங் அங்கிள் ஆண்ட்டி!" என்றாள் கவிப்ரியா, அவரைச் சந்தோஷப்படுத்துகிற நினைப்பில். "நிஜமாவே மூச்சு வாங்கற மாதிரியே இருக்கும்."

ஜோதிலிங்கம் கையிலிருந்த பிரதியை மூடினார். பிறகு, "அதை எனக்கு அனுப்பும்மா" என்றார்.

கூடத்துக்குப் பின்னால் ஒரு பூங்கா உண்டு. ஒத்திகை இடைவேளையில் அங்கே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். இதமான வெயில், புல்லில் பாய் விரித்துப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். காதில் மாட்டுகிற சமாச்சாரமெல்லாம் அவரிடம் கிடையாது. யாரோ கூப்பிட்டுப் பேசுவதுபோல் போனைக் காதோடு வைத்துக்கொண்டார். வள்ளி போனதிலிருந்து அவள் குரலை அவர் நேராகக் கேட்டதில்லை. இதுவரை கேட்டதெல்லாம் பிள்ளைகள் வாயில் வந்தது.

சீனி கம்மி, உப்பு கூட. வள்ளி விளாசினாள். கேட்கும்போதே முகம் மலர்ந்தது அவருக்கு. தோசை சுட்டதுக்கு என்ன வந்துச்சு என்று முடிக்கும்போது குரல் மெலிந்தது. "கொஞ்சம் பொறு மக்கா. மூச்சு முட்டுது." அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை, மூச்சு மட்டும்தான். நாலு மாடி ஏறி வந்தவர் வாங்குகிற மூச்சு. ஆனால் வள்ளி முக்காலியில் உட்கார்ந்துதான் இருந்தாள். கவிப்ரியா மேடைக்காக ஒரே இழுப்பில் முடித்துக்கொண்டது, போனில் போய்க்கொண்டே இருந்தது. எப்போது நிற்கும் என்று ஜோதிலிங்கம் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நடுவில் ஒரு கதவுச் சத்தம். தூரத்தில் ஓர் ஆண்குரல். மெட்ரோ இரைச்சலில் கேட்கிற பெண்ணுக்கு அது பக்கத்து வீட்டு டி.வி.யாக இருந்திருக்கும். சொந்தக் குரல் யாருக்குத் தெரியாது?

"இன்னும் முடியலையா? ஜல்தி முடி வள்ளி, பிள்ளைக கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஃபேன போட்டுறாத, சத்தம் விழும்."

"போடல... போடல."

கதவு சாத்தியது. இன்னும் இரண்டு மூச்சு. பிறகு வள்ளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல், நல்ல கணீர்க் குரலில், "தோசை சுட்டதுக்கு என்ன வந்துச்சுங்கேன்!" என்றாள்.

ஜோதிலிங்கம் திரும்பவும் கேட்டார். திரும்பவும். அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். என்ன சட்டை போட்டிருந்தோம், யாரிடம் போன் பேசிவிட்டு எழுந்து போனோம், கதவைத் திறந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது? ஒன்றும் வரவில்லை. எத்தனையோ தடவை திறந்து மூடிய கதவுதான். முகத்தைப் பார்த்தாரா என்பதே நிச்சயமில்லை. அதுதான் அவரைக் கொன்றது. ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி, போனைக் காதில் வைத்துக்கொண்டே, அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டு அழுதார். "க்யா ஹுவா, பாயி சாப்?" என்று ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார்.

அவள் கஷ்டப்பட்டிருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம். வசனத்துக்கு நடுவே எதிரில் இல்லாத பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள், கூட வாழ்ந்தவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் காதில் ஏறியிருக்குமா? அவர் காதெல்லாம் அப்போது காற்றாடிச் சத்தம் விழுகிறதா என்பதிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். சுந்தரேசன் பிடிவாதம் பிடித்தாலும் கவிப்ரியா முயன்றாள். முடியவில்லை. எழுத்தைப் பார்த்துப் படித்தவர்களுக்கு நடுவில் ஒரு வரியை உருவுவது சுலபம். காதால் படித்தவளுக்கு எல்லாம் ஒரே சரம். அந்த இடம் வந்ததும் தட்டுத் தடுமாறி நின்றாள், அப்புறம் தோசையிலிருந்து குழம்புக்குப் போனாள், குழம்பிலிருந்து காப்பிக்குத் திரும்பினாள், மூன்றாவது தடவை தன்னையறியாமல் நெஞ்சில் கையை வைத்து, "கொஞ்சம் பொறு மக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போனாள். "சாரி அங்கிள், வராம போகவே மாட்டேங்குது" என்று அழுதுவிடுவாள் போலிருந்தது.

"விடும்மா. இருக்கட்டும்" என்றார் ஜோதிலிங்கம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது வசனமில்லை, என் பொண்டாட்டியின் நெஞ்சு நோவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் அந்தப் பெண் ஜென்மத்துக்கும் அந்த வேஷத்தைப் போட மாட்டாள். சிரித்தவர்கள் எல்லோரும் கூனிக் குறுகிப்போவார்கள். நாலு நாடகமும் வள்ளியின் மூச்சில் வந்ததுதான், ஒன்று போனால் நாலும் போகும். இப்படியெல்லாம் அவர் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார், நியாயத்திலும் தப்பில்லை. ஆனால் சொல்வதென்றால் காற்றாடியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதற்கு மனிதருக்குத் தைரியம் இல்லை.

துக்கம் கேட்க யாராவது வந்து, "அம்மா கஷ்டப்படாம போயிட்டாங்களாமே" என்றால், இப்போதெல்லாம் அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்.

நவம்பர் கடைசியில், மோதி பாக் பக்கம் வாடகைக்கு எடுத்த அரங்கத்தில் சீசனின் முதல் நாடகம். வெளியே மூக்கை எரிக்கிற புகைமூட்டம், ஆனாலும் கூட்டத்துக்குக் குறைச்சலில்லை. சால்வையும் மங்கி குல்லாவுமாக டெல்லித் தமிழ் ஜனம் வந்து குவிந்துவிட்டது. திரை தூக்குமுன் சுந்தரேசன் மைக்கைப் பிடித்து, இந்த சீசனே வள்ளியம்மைக்குச் சமர்ப்பணம் என்றும், அவர் நமக்கெல்லாம் சிரிப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றும், வயிறு குலுங்கச் சிரிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்றும் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். திரைக்குப் பின்னால் ஜோதிலிங்கம், ஓய்வு பெற்ற ஆபீசர் வேஷத்தில், தன் சொந்தச் சட்டையும் சொந்தப் பெல்ட்டுமாக நின்றிருந்தார்.

முதல் காட்சி நன்றாகப் போயிற்று. குக்கர் விசிலுக்காக ரவிக்குமார் நின்ற இடத்தில்கூட ஒரு சிரிப்பு விழுந்தது. இரண்டாம் காட்சியில் கவிப்ரியா, தலை நிறையப் பவுடரும் கசங்கிய பருத்திப் புடவையுமாக, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று விளாச ஆரம்பித்தாள். அரங்கம் வரிக்கு வரி சிரித்தது. சீனி கம்மி, உப்பு கூட. ஆபீஸ் வாய், குழம்பு. கையெழுத்துக்குச் சம்பளம். ஜோதிலிங்கம் அவளுக்கு எதிரே நின்றார். ஒத்திகைகளில் இந்த இடம் வரும்போது தரையைப் பார்த்துக்கொள்வார். மேடையில் தரையைப் பார்க்கக்கூடாது என்று சுந்தரேசன் கண்டித்துச் சொல்லியிருந்தார். அவளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

கவிப்ரியா மேஜையில் கையை ஊன்றினாள். நெஞ்சில் கையை வைத்தாள்.

"கொஞ்சம் பொறு மக்கா. மூச்சு முட்டுது."

அரங்கம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தது. முன்வரிசைப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கவிப்ரியா மூச்சு இழுத்து நிமிர வேண்டும், தோசையை முடிக்க வேண்டும், அதற்கு ஜோதிலிங்கம், "அப்ப மத்தியானச் சாப்பாடு?" என்று அப்பாவியாகக் கேட்க வேண்டும். ஒத்திகையில் அப்படித்தான் நடந்தது. அவள் நிமிர்வதற்குள் அவர் இரண்டடி முன்னால் போய்விட்டார். வாய் தானாகத் திறந்தது.

"ரொம்ப முட்டுதா வள்ளி?"

நாடகத்தில் அந்த மனைவிக்குப் பெயர் வேறு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. வீறாப்பு பேசிய ஆபீசர் இப்படிச் சட்டென்று இளகிவிட்டாரே என்று அதற்கும் சிரித்தார்கள். கவிப்ரியா அவரைப் பார்த்தாள். இந்த இடத்துக்கு அவளிடம் வசனம் இல்லை. சொல்லிக்கொடுக்காத ஓர் இடத்தில் நிற்க நேர்ந்தால் அவளுக்குத் தெரிந்தது மாதக்கணக்காகக் காதுக்குள் இருந்த அந்த ஒரு மனுஷிதான். மூக்கை ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள்.

"ஒண்ணுமில்ல. நீங்க போயி உங்க சோலியப் பாருங்க."

இதைத்தான் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்தவர் கேட்டிருந்தாலும் வள்ளி இதையேதான், இந்த இழுப்போடுதான் சொல்லியிருப்பாள். அவரும், ஒன்றுமில்லை என்றுதானே சொல்கிறாள் என்று, போய்த் தன் சோலியைப் பார்த்திருப்பார்.

"நான் போகல" என்றார் ஜோதிலிங்கம். "எனக்கு ஒரு சோலியும் இல்ல. இங்கனதான் இருக்கேன்."

மேஜையடியில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அரங்கத்தில் விசில் பறந்தது. பக்கத் திரையின் மறைவிலிருந்து சுந்தரேசன், "மத்தியானச் சாப்பாடு... ஓய், மத்தியானச் சாப்பாடு!" என்று அடிக்குரலில் கத்திக்கொண்டிருந்தார். ஜோதிலிங்கம் திரும்பவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. கவிப்ரியா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சில் வைத்திருந்த அவளுடைய இன்னொரு கை மெல்ல இறங்கி மடியில் விழுந்தது.

"அங்கிள்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "ஆடியோல அது ஆக்டிங் இல்லையா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அரங்கம் சிரித்து முடிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.